பார்வை போன பக்கம்

திரை முழுக்க மேலாளரின் முகம்தான்.

ஒவ்வொரு பதிலுக்கு முன்னும் அவர் பக்கவாட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்வதை அவள் கவனித்தாள்.

அவர் சென்னைத் தலைமை அலுவலகத்தில் இருந்தார். அவள் ஓசூர் ஆலையின் கூட்ட அறையில். வேலையிலிருந்து நீக்கப்பட்ட பதினொரு பெண்களும் அவளுக்குப் பின்னால் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

சங்கத் தலைவர் ஆரோக்கியதாஸ் வரவில்லை. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகக் காலையில் போன் செய்தார்.

"நீயே பேசிடும்மா வாசுகி. உன்னால முடியும்."

பேசினாள். பதினொரு பேரையும் திரும்ப எடுக்காமல் வேலைநிறுத்தம் முடியாது என்று அடித்துச் சொன்னாள்.

மேலாளர் சிரித்தார்.

"எதுக்கும்மா இந்தப் பிடிவாதம்? நாலு பேரை எடுத்தாலே போதும்னு நீங்களே முடிவு பண்ணி வச்சிருக்கீங்களே."

வேறு வழியே இல்லாமல் போனால் நாலு. சங்க அலுவலக மாடிப்படியில் நின்று அதைப் பேசியது இரண்டே பேர். அவளும் ஆரோக்கியதாஸும்.

மேலாளரின் கண்கள் மறுபடி அந்தப் பக்கம் போயின.

மேசைமேல் ரிமோட் கிடந்தது. அங்கே இருக்கும் கேமராவை இங்கிருந்தே திருப்பலாம். அதிகாரிகள் அப்படித் திருப்புவதைப் பார்த்திருக்கிறாள்.

எடுத்தாள். அம்புக்குறியை அழுத்தினாள்.

முகம் மெல்ல விலகியது. ஒரு தோள். ஒரு காலி நாற்காலி. பாதி குடித்த காபி.

பிறகு, ஆரோக்கியதாஸ்.

எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

முதல்முறை அவளைப் போலீஸ் வேனில் ஏற்றியபோது, "என் தங்கச்சிய தனியா விடமாட்டேன்" என்று கூடவே தாவி ஏறிய மனுஷன்.

அங்கே யாரோ கேமராவை வேகமாக இழுத்தார்கள். அவள் பொத்தானை விடவில்லை. ஆரோக்கியதாஸ் திரைக்குள் வருவதும் போவதுமாக இருந்தார். எந்தப் பக்கம் போனாலும் அவர் தலை குனிந்தே இருந்தது.

திரை அணைந்தது.

"அக்கா."

பதினொரு பேரில் ஒருத்தி. பவுனு.

அந்த ஆளைத் திட்டப்போகிறாள் என்று நினைத்துத்தான் வாசுகி திரும்பினாள்.

பவுனு திரையைப் பார்க்கவே இல்லை. மற்றவர்களும் பார்க்கவில்லை.

"அந்த நாலு பேரு யார் யாருக்கா?"