ஈஸ்டர் கழியட்டும்

காலை ஒன்பதரை மணி. ஏழாவது தடவை. திருவொற்றியூரில் அந்த பாய்லர் கம்பெனியின் தலைமைக் குமாஸ்தா தேவப்பிரியத்தின் மேஜைக்கு முன்னால் அருள்பிரகாசம் நின்றான்.

அவர் விண்ணப்பத்தை வாங்கி, கண்ணாடியை இறக்கிக்கொண்டு, மேலிருந்து கீழே படித்தார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"பிறந்த தேதியை எண்ணிலே மட்டும் போட்டிருக்கீங்க, தம்பி. எழுத்திலேயும் எழுதணும்."

முதல் தடவை, ஓரத்தில் இடம் விடவில்லை என்று திருப்பினார். அடுத்த தடவை, சர்டிபிகேட் நகலில் அதிகாரியின் கையெழுத்து இருக்கிறது, வட்ட முத்திரை இல்லை. 'மேனேஜர்' என்று எழுதியது தப்பு, 'ஜெனரல் மேனேஜர்' என்று இருக்க வேண்டும். ஐந்தாம் தடவை குண்டூசி வலது மூலையில் குத்தியிருந்ததாம். கிண்டி காலேஜில் படித்து இன்ஜினீயர் பட்டம் வாங்கியவனுக்கு ஒரு குண்டூசி குத்தத் தெரியவில்லை.

அருள்பிரகாசம் ரங்கூன்காரன். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் அங்கேதான். பாஸ்போர்ட்டும் பர்மா பாஸ்போர்ட். இந்தியாவில் தங்குகிற பெர்மிட் ஏப்ரல் பதினைந்தோடு முடிகிறது. அதற்குள் ஒரு கம்பெனியின் வேலை உத்தரவைக் காட்டினால் நீட்டிப்பார்கள். இல்லாவிட்டால் கப்பல்தான். ரங்கூனிலோ அப்பா வேலை பார்த்த மர ஆலை சண்டையில் எரிந்துபோயிருந்தது. வீட்டுக் கடிதம் ஒவ்வொன்றும் வேலை கிடைத்ததா என்றுதான் ஆரம்பித்தது.

எண்ணூர் முதல் ராயபுரம் வரை இருபத்திரண்டு இடத்துக்கு எழுதிப்போட்டாயிற்று. பர்மாக்காரன் என்றதும் பேச்சு நின்றுவிடும். இங்கே இரண்டு இன்ஜினீயர் வேலை காலி என்று வாசலிலேயே போர்டு தொங்கியது.

கம்பெனிக்கு வருகிற காகிதத்துக்கெல்லாம் தேவப்பிரியத்தின் பதிவுப் புத்தகத்தில் எண் விழ வேண்டும். எண் விழுந்தால் அன்றைக்கே அது வெள்ளைக்கார ஜெனரல் மேனேஜர் துரையின் மேஜைக்குப் போயாக வேண்டும். மார்ச் மாதம் முடியப்போகிறது, அருள்பிரகாசத்தின் காகிதத்துக்கு எண் விழவில்லை.

"எண்ணைப் போட்டு உள்ளே அனுப்புங்க சார். வேண்டாம்னா துரை சொல்லட்டும்."

தேவப்பிரியம் துரையின் அறைப் பக்கம் பார்த்தார். நடுவே இருந்தது ஓர் அரைக்கதவுதான். இங்கே இருமினால் அங்கே கேட்கும்.

"ஈஸ்டர் கழியட்டும், தம்பி," என்றார் மெதுவாக. "அப்புறம் கொண்டு வாங்க."

அன்று சாயங்காலம் ராயபுரத்து அறையில் கமால் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். அவனும் ரங்கூன்தான், அதே வகுப்பு, அதே கம்பெனிக்குத்தான் எழுதியிருந்தான். ஓரத்தில் இடம் இல்லை, முத்திரை இல்லை என்று முதல் நாளே திருப்பிவிட்டார்கள். அந்தக் காகிதத்தைப் பெட்டியில் போட்டவன் மறுபடி தொடவில்லை. அவனையும் ஈஸ்டருக்கு அப்புறம்தான் வரச் சொல்லியிருந்தார் அந்த மனுஷர்.

"உனக்கு ரோசமே கிடையாதாடா?" என்று அவனை எழுப்பினான் அருள்பிரகாசம்.

"ரோசப்பட்டா பசி ஜாஸ்தியாகுதுடா," என்று கமால் திரும்பிப் படுத்தான்.

மார்ச் முப்பத்தொன்று, எட்டாவது தடவை. எழுதிய மையின் நிறம் சரியில்லை என்றார் தேவப்பிரியம்.

அருள்பிரகாசம் காகிதத்தை அவர் கையிலிருந்து பிடுங்கி, அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

துரை எழுந்து கை குலுக்கினார். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். எட்டுத் தடவைக் கதையையும் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு தேவப்பிரியத்தைக் கூப்பிட்டு, ஒரு மாதமாக ஏன் எண் போடவில்லை என்று வெளியே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார்.

தேவப்பிரியம் ஓரத்தைப் பற்றியும் பேசவில்லை, மையைப் பற்றியும் பேசவில்லை. வெளியே வந்து புத்தகத்தைத் திறந்தார். பேனாவை மைக்கூட்டில் தோய்த்தவர், தேவைக்கு மேலேயே தோய்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுதினார்: 214.

வாசலில் பியூன் அப்பாவு மறித்தார். "இன்னா சார், பெரியவர மாட்டி வுட்டுட்டியே. இருவது வர்சமா கீறேன், துரை அவர ஒரு வார்த்த சொல்லி நான் கேட்டதில்ல."

அருள்பிரகாசத்துக்கு அதைக் கேட்கவும் இனிப்பாகத்தான் இருந்தது. அறைக்குப் போய், துரை என்றால் அவர்தான் துரை, நாற்காலி கொடுத்தார், நீயும் நேரே போ என்று கமாலிடம் சொன்னான்.

ஏப்ரல் இரண்டாம் தேதி தபாலில் பதில் வந்தது. கம்பெனி வெளிநாட்டாரை நியமிப்பதில்லை. ஒருமுறை நிராகரித்த விண்ணப்பம் இரண்டு வருஷத்துக்கு மறுபடி எடுத்துக்கொள்ளப்படாது. கீழே துரையின் அழகான கையெழுத்து.

"கிழவன் வத்தி வச்சுட்டான்டா," என்றான் அருள்பிரகாசம். கமாலின் காகிதத்தையும் கிழித்துப்போடச் சொன்னான். கமால் அதற்கும் சோம்பல்பட்டான்.

ஏழாம் தேதி அருள்பிரகாசம் ரங்கூன் கப்பலுக்கு டிக்கெட் வாங்கினான்.

அதற்கு முந்தின நாள், ஈஸ்டர் திங்கட்கிழமை, துரை ஆறு மாத லீவில் சீமைக்குக் கப்பல் ஏறியிருந்தார். துரையின் டிக்கெட்டை பிப்ரவரி மாதமே எடுத்துக் கொடுத்தவர் தேவப்பிரியம். துரை லீவில் போனால் அவர் இடத்துக்குக் கல்கத்தாவிலிருந்து ஒரு பார்சிக்காரர் வருவது வழக்கம். வேலைக்கு வருகிறவன் எந்த நாடு என்று அவர் கேட்பதில்லை.

1953 ஏப்ரல் 8, புதன்கிழமை, ஓரத்தில் இடம் விடாத, முத்திரை இல்லாத கமாலின் பழைய விண்ணப்பத்தை தேவப்பிரியம் படித்துப் பார்க்காமலே வாங்கி 231 என்று எண் போட்டார்; மாலையில் வேலை உத்தரவு வந்தது.