இரண்டாவது நடிகன்

ஏதென்ஸில் அதுவரை நாடகத்துக்கு ஒரே நடிகன்தான். அவன் பேசுவான், பாட்டுக்குழு பதில் பாடும். இரண்டாவது நடிகனும் வரலாம் என்று ஆனதும், கவிஞன் லைசானியாஸ் தூதன் வேடத்தைப் பால்ய நண்பன் தெரோனுக்கென்றே எழுதினான்; முதல் நடிகன் அவனேதான். ஒத்திகைக்கு முன்பே தெரோன் கடற்போரில் மூழ்கிப்போனான். வேறு ஆளைப் போட மனம் வராமல், லைசானியாஸ் அந்த வசனங்களைப் பாட்டுக்குழுவிடம் கொடுத்தான்.

விழாக் காலையில் அரங்கின் நடுவே நின்று, "தூதனே, கப்பல்கள் திரும்பினவா?" என்று கேட்டான். பாட்டுக்குழு வாய் திறக்குமுன் முகமூடியணிந்த ஒருவன் நடந்து வந்தான்.

"வந்ததும் வராததுமா கேள்வியா? மூச்சு விட விடுடா."

"இது வசனத்துலயே இல்லியே!" என்று பாட்டுக்குழுத் தலைவன் முணுமுணுத்தான்.

சிறுவயதில் திராட்சை மிதிக்கும் களத்தில் நாடகமாடும்போது தெரோன் இப்படித்தான் சலித்துக்கொள்வான்.

அதன்பின் முகமூடிக்காரன் எழுதியிருந்த வசனங்களைப் பிசகாமல் பேசினான். தூதனை வழியனுப்பும் வரி மட்டும் பாக்கி. லைசானியாஸ் அதைச் சொல்லவில்லை. உச்சிவெயில் ஏறும்வரை, எழுதாத கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே நின்றான்.