தொப்பி இல்லாத ஆட்டக்காரர்

1968 செப்டம்பர் 6, வெள்ளிக்கிழமை. வட இங்கிலாந்தின் தார்ன்பி மைதானத்தில், கவுன்டி கிரிக்கெட் அணியின் அந்த ஆண்டுக் கடைசி ஆட்டம் மதிய உணவுக்காக நிறுத்தப்பட்டது.

“ஒரு ஆளுக்குத் தொப்பி கேட்டு வந்திருக்கேன் சார்,” என்றார் அணித் தலைவர் ஹாவர்த்.

செயலாளர் பிரென்டிஸ் கடித்த சாண்ட்விச்சைத் தட்டில் வைத்தார். கப்பற்படையில் கணக்குப் பார்த்துவிட்டு, போன வாரம்தான் இந்தப் பொறுப்புக்கு வந்தவர். ஆட்டக்காரர்களில் யார் யாரென்று இன்னும் பிடிபடவில்லை. விதிகள் மட்டும் அத்துப்படி.

விதி இதுதான்: கவுன்டி தொப்பி பெற்றவனுக்குத்தான் ஓய்வு பெறும்போது அவனுக்குப் பணம் திரட்டித் தர அவன் பெயரில் நிதி ஆட்டம் நடத்துவார்கள். தொப்பி இல்லாதவன் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். யாருக்குத் தொப்பி என்று பரிந்துரைக்கும் உரிமை அணித் தலைவருக்கு மட்டுமே உண்டு; அதற்குக் கமிட்டி சம்மதிக்க வேண்டும்.

பெயரைக் கேட்டார் பிரென்டிஸ்.

“அதைக் கடைசியில சொல்றேன். பேரைச் சொன்னா முகத்தைப் பார்த்து முடிவு பண்ணிடுவீங்க.”

ஹாவர்த் கதவுப் பக்கம் பார்த்தார். பக்கத்து அறையில் கமிட்டிக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆட்ட மணி அடித்ததும் கலைந்துவிடுவார்கள். பிறகு அடுத்த வசந்தத்தில்தான் கூடுவார்கள். அந்த ஆளோ இன்றோடு ஆட்டத்தை விடுகிறார்.

எத்தனை சதம் என்று கேட்டார் செயலாளர். பதினோரு வருடத்தில் இரண்டு என்றார் ஹாவர்த். அதில் ஒன்று கல்லூரி மாணவர்களுக்கு எதிராக அடித்தது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

“சராசரி?”

“இருபத்து மூணு.”

“எங்க கப்பல் சமையல்காரன்கூட அவ்வளவு அடிப்பானே.”

“அடிப்பான் சார். ஆனா பந்து எகிறி எகிறி முகத்துக்கு வர்ற நாள்ல, மத்தவங்க ஒவ்வொருத்தரா உள்ள வந்து உக்காந்துடுவாங்க. இவர் மட்டும் நிப்பாரு. ஒரு தடவை விரல் ஒடிஞ்சதை டீ நேரம் வரைக்கும் யார்கிட்டயும் சொல்லலை.”

இதைச் சொல்லும்போது ஹாவர்த் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரென்டிஸ் அதைக் கவனித்தார்.

“பரிந்துரைக்க வந்துட்டு அவரைப் பத்தி இப்படி மென்னு முழுங்கறீங்களே. உங்களுக்கும் அவருக்கும் ஏதாவது தகராறா?”

“அப்பப்ப உண்டு.”

“இத்தனை வருஷம் ஏன் தொப்பி கொடுக்கலை?”

முந்தைய தலைவர்கள் இருவரும் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டதை ஹாவர்த் சொன்னார்.

“அது அவங்க காலம். நாலு வருஷமா நீங்கதானே கேப்டன்?”

“எனக்கு வாய் வரலை சார்.”

பிரென்டிஸ் எழுந்துவிட்டார். குரலில் கோபம் இருந்தது. ஒரு மனிதன் உங்கள் பக்கத்தில் நின்று அடி வாங்கியிருக்கிறான், உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூச்சமா என்று கேட்டார். கப்பலில் இப்படி ஒரு தலைவன் இருந்தால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிட்டிருப்போம் என்றார். ஹாவர்த் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

“அவராவது வந்து கேட்டிருக்கலாமே?”

“கேக்கற ரகம் இல்லை. அவர் வீட்டம்மாதான் இன்னிக்குக் காலைல, கேக்காம வீட்டுக்கு வராதேன்னு சொல்லி அனுப்பினாங்க.”

“கெட்டிக்காரப் பொம்பளை,” என்றார் பிரென்டிஸ். பேனாவை எடுத்தார். “கமிட்டியை நான் பாத்துக்கறேன். பேரைச் சொல்லுங்க.”

மணி அடித்தது. பக்கத்து அறையில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. ஹாவர்த் மேசைப் பக்கம் குனிந்தார்.

“என் பேரைத்தான் எழுதிக்கணும் சார்.”

பிரென்டிஸ் ஓடிப்போய் வாசலில் மறித்துக் கேட்டதும், தலைவரிடம் தொப்பி இல்லாமலா இருக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்த கமிட்டி உடனே சம்மதித்தது. தொப்பியைத் தலையில் வைக்க வேண்டியவர் அணித் தலைவர்தான் என்பது வழக்கமாதலால், தேநீர் இடைவேளையில் பெவிலியன் படியில் நின்று ஹாவர்த் அதைத் தானே தன் தலையில் வைத்துக்கொண்டார்.