கண்ணாடிக்குள் விட்ட வெள்ளை

காலையில் வெந்நீர் போட்டுச் சவரம் செய்வேன். பழையதைச் சாப்பிடுவேன். நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் வரும்வரை இசைத்தட்டு கேட்பேன்.

அந்த இசைத்தட்டின் உறையில் ஒரு பெண் நமக்கு முதுகு காட்டிக் கண்ணாடி முன் உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிலும் அடர்சிவப்பு. கண்ணாடிக்குள் மட்டும் வெறும் வெள்ளை. காத்திருப்பவளுக்குத் தன் முகமே மறந்துபோனதன் குறியீடு அது என்று என் மனைவி அமராவதிக்கு ஒருமுறை விளக்கினேன்.

"மூஞ்சிய வரைய மறந்துட்டான். அதுக்கு ஒரு லெக்சராக்கும்!" என்று சிரித்தாள்.

அவள் காய்ச்சலில் இறந்த மாதம் அந்த வெள்ளையில் ஒரு நெற்றி தெரிந்தது. பிறகு மூடிய கண்கள். அவள் தங்கை கண்ணாத்தாளை எனக்கு நிச்சயம் செய்த மறுநாள் முகம் முழுதாகிவிட்டது. நெற்றியில் வட்டமாக இருந்ததை முதலில் பொட்டு என்று நினைத்தேன். அது பிணத்துக்கு வைக்கும் வெள்ளிக்காசு.

இன்று வீட்டை ஒழுங்குசெய்ய மாமியாரும் கண்ணாத்தாளும் அரிமளத்திலிருந்து வந்தார்கள். கண்ணாத்தாள் உறையைக் கையில் எடுத்தாள்.

"அத்தான், இது அச்சா என்னைய மாதிரியே இருக்குல்ல? பொட்டுதான் வெள்ளையா இருக்கு."

"ஆமாம்" என்றேன்.

அவளுக்குச் சந்தோஷம். "கடைசியா அக்கா என்னையக் கட்டிக்கச் சொல்லிட்டுத்தான் கண்ண மூடுச்சாமே? நீங்க சொன்னீங்கன்னு அம்மா சொன்னுச்சு."

தலையாட்டினேன். கல்யாணம் அடுத்த வாரம்.

அமராவதி கடைசியாகச் சொன்னது என் காதில் மட்டும்தான் விழுந்தது.

"கண்ணாத்தாள இங்கிட்டுக் கூட்டியாராதீங்க. நான் எங்கிட்டும் போகமாட்டேன்."