அண்ணனின் மூக்கு

இத்தாலியின் சர்தீனியத் தீவு மலையின் மதிய வெயில் செம்புக் கொதிகலனில் பட்டு, என் அண்ணன் அந்தியோகோவின் முகத்தைச் சிவப்பாக்குகிறது. குழாய் முனையிலிருந்து ஜின் சொட்டுகிறது. முதலில் இறங்கும் கார நெடிச் சாராயத்தைக் கொட்டிவிட வேண்டும். நல்லது எப்போது தொடங்குகிறது என்று முகர்ந்து சொல்வது அவன் வேலை. இருபது வருடமாக அவன் சொன்ன பிறகுதான் நான் குடுவையை மாற்றுகிறேன். குளிர்காலக் காய்ச்சலில் இருந்து எழுந்தபின் அவன் சாப்பாட்டு ருசியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. இப்போது சொட்டுகளை உள்ளங்கையில் தேய்த்து, கண்ணை மூடி முகர்கிறான். வெளியே ஆட்டு மணிகள் கிணுகிணுத்து ஓய்கின்றன. "ம், இப்ப மாத்து, பொனாரியா. எலுமிச்சை எப்படித் தூக்கலா வருது பாரு! உன் மூக்க நம்பியிருந்தா எப்பவோ கடைய இழுத்து மூடியிருக்கணும்." நெடி இன்னும் என் கண்ணைக் கரிக்கிறது. வாசனைக்காக நீராவியில் தொங்கும் பையில் ஜூனிப்பர் காயும் ரோஸ்மேரி இலையும் மட்டுமே இருக்கின்றன. மருந்தடிக்காத எங்கள் மரத்து எலுமிச்சையிலிருந்து காலையில் நான் சீவிய தோல், போட மறந்து, அவன் முதுகுக்குப் பின்னால் தட்டிலேயே சுருண்டு கிடக்கிறது. "ஆமாண்ணா, பிரமாதம்" என்று குடுவையை மாற்றுகிறேன். இதில் விழும் நெடியை அவன் போன பிறகு கொட்டிவிடலாம். அவன் திரும்புவதற்குள் தட்டின் மேல் என் துண்டைப் போடுகிறேன்.