நாற்பத்தேழாம் மனை

சாப்பிட்டுவிட்டு, மண்ணைச் சோதிக்க வெட்டிய குழிக்குள் இறங்கியவளுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை.

சுவரில் ஓடிய மணல் கோடு காணோம்.

காலையில் இருந்தது. குழியின் களிமண் சுவரில், அடியிலிருந்து இடுப்பு மட்டம் வரை, இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை மணல். இங்கே மனிதர்கள் குடியேறுவதற்கு முன்னால் என்றைக்கோ பூமி ஆடியிருக்கிறது. அடியிலிருந்த ஈர மணல் உலைக்கஞ்சி மாதிரிப் பொங்கி, களிமண்ணைக் கிழித்துக்கொண்டு ஏறியிருக்கிறது. ஒரு தடவை பொங்கிய இடம் மறுபடியும் பொங்கும். மேலே வீடு இருந்தால் வீடு உள்ளே போகும்.

படம்கூட எடுக்கவில்லை. முதலில் வயிற்றைக் கவனிப்போம் என்று போனது அவள் தப்பு.

இப்போது சுவர் வழவழவென்று இருந்தது.

வீரபாகு மூலையில் கை கழுவிக்கொண்டிருந்தார். குழி தோண்ட வந்தவர்தான். ஆனால் தொழில் கொத்து வேலை.

"கீறல் விட்டிருந்துச்சு மேடம். சேத்தக் குழைச்சு அடைச்சிட்டேன். நம்ம மனையில்லியா, மனசு கேக்கல."

கடல் அரித்துக்கொண்டுபோன குப்பத்தின் இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களுக்கும் இங்கேதான் வீடு. குலுக்கலில் நாற்பத்தேழாம் மனை அவருக்கு. மண்ணைப் பார்த்து அவள் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை அஸ்திவாரம்.

கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். அலுப்பாக இருந்தது.

போன வருடம் வேறோர் ஊரில் 'வீடு கட்டக் கூடாது' என்று எழுதிக்கொடுத்தாள். மாற்று இடம் பார்ப்பதாகச் சொன்னார்கள். அந்த ஜனங்கள் இன்னும் தகரக் கொட்டகையில் வெந்துகொண்டிருக்கிறார்கள். நியாயம் பேசியவள் மட்டும் ஜீப்பில் ஏறி அடுத்த ஊருக்கு வந்துவிட்டாள்.

பேசாமல் விட்டுவிடலாம். அது என்னவென்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஆடப்போவது நாளைக்கா, இன்னும் ஆயிரம் வருடம் கழித்தா, யார் கண்டது.

சத்தியமாக விட்டுவிடத்தான் நினைத்தாள்.

வீரபாகு பூச்சின்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தார். கை தேர்ந்த வேலை. அவருக்கே திருப்தி.

"புள்ளைங்க படுக்குற ரூம்பு இங்கதான் வருது மேடம்."

அவள் எழுந்துகொண்டாள்.

பூச்சுக்குப் பின்னால் நாலு அங்குலம் வெட்டினால் போதும். மணல் அங்கேயேதான் இருக்கும்.

மண்வெட்டியைக் கேட்டுக் கை நீட்டினாள்.

அவர் கைப்பிடியில் ஒட்டியிருந்த சேற்றைத் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டுக் கொடுத்தார்.