சிவகரனுக்குச் சனிக்கிழமை இல்லை

“அண்ணை, என்ரை மனுசனைச் சனிக்கிழமையளிலை மட்டும் உள்ளை விடாதேங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்.”

கண்ணாடிக் குவளைகளைத் துடைத்துக்கொண்டிருந்த கிறகோரி நிமிர்ந்து பார்த்தார். அவருடைய பப் இன்னும் திறக்கவில்லை. பீப்பாயிலிருந்து குழாய்வழி இறங்கும் பியருக்கும், உறைப்பான நண்டுப் பிரட்டலுக்கும் யாழ்ப்பாண நகரிலேயே பேர்போன இடம். பின்னேரமானால் கதிரை கிடைக்காது. இப்போது வெறும் மேசைகளுக்கு நடுவே, கந்தோருக்கு வேலைக்குப் போகிற சேலையோடு ஒரு பெண் நின்றாள்.

“ஆர் தங்கச்சி உங்கடை மனுசன்?”

“சிவகரன். நான் பிரதீபா.”

கிறகோரிக்குச் சங்கடமாகிவிட்டது. சிவகரன்தான் அவருடைய சனிக்கிழமை ராசா. பாட்டுக்காரர் மேடையேறினால் முதல் கைதட்டு அவனுடையது. அவன் சிரித்தால் பக்கத்து மேசையும் சிரிக்கும். அதற்கடுத்த மேசை இன்னொரு குவளை கேட்கும்.

“அவர் நல்ல ஆள், தங்கச்சி. ரெண்டு கிளாசுக்கு மேலை போறேல்லை. ஒருத்தரோடையும் கொழுவினதில்லை.”

“நான் அவரைக் குறை சொல்லேல்லை அண்ணை. வீட்டிலையும் தங்கமான மனுசன்தான். ஆனா சனிக்கிழமை எண்டா எனக்கு வயிறு பத்தி எரியுது. மூண்டு சனிக்கிழமையா உங்கடை வாசல் வரைக்கும் வந்திட்டுத் திரும்பிப் போறன். உள்ளை அவர் இருக்கிறதைக் கண்டா, காலெடுத்து வைக்க மனம் வருகுதில்லை.”

“பிள்ளையள்?”

“ரெண்டு பேர். சனிக்கிழமை பின்னேரத்திலை அம்மா வீட்டிலை விட்டிடுவன்.”

கிறகோரி குவளையைக் கீழே வைத்தார். அவருடைய தகப்பன் குடித்துவிட்டு வரும் நாட்களில் தாயாரும் இப்படித்தான் பிள்ளைகளை மாமி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

“நான் மட்டுமில்லை அண்ணை. என்ரை கந்தோரிலை இன்னும் நாலு பொம்பிளையள் இதாலை மனம் நொந்துபோய் இருக்கினம்.”

“மற்ற நாளுகளிலை?”

“மற்ற நாளுகளிலை அவர் வரட்டும், எனக்கொண்டுமில்லை. இந்தச் சனிக்கிழமையை மட்டும் எனக்குத் தாங்கோ. நான் வந்து கேட்டதையும் அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”

“சொல்லமாட்டன் தங்கச்சி. நீங்கள் யோசிக்காமல் போங்கோ.”

அந்தச் சனிக்கிழமை பின்னேரம், சிரித்தபடி படியேறி வந்த சிவகரனைக் கிறகோரி வாசலிலேயே மறித்தார்.

“தம்பி, குறை நினைக்காதையும். இனிச் சனிக்கிழமையளிலை நீர் இஞ்சை வரவேண்டாம்.”

“என்ன அண்ணை, பகிடியோ?”

“இல்லைத் தம்பி. மற்ற நாளுகளிலை வாரும், நானே பக்கத்திலை இருந்து பரிமாறுறன். சனிக்கிழமை வேண்டாம்.”

“ஆர் உங்களுக்கு உப்பிடிச் சொன்னது? நான் என்ன பிழை விட்டனான்?” அவனுடைய முகம் சிவந்துவிட்டது. உள்ளே போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கிறகோரி அவனுடைய தோளில் கையை வைத்தார். “ஒரு பிழையும் இல்லை. நீர் குடும்பகாரன். மனுசி, பிள்ளையளைக் கொஞ்சம் நினைச்சுப் பாரும்.”

உள்ளே யாரோ கிட்டாருக்குச் சுருதி கூட்டினார்கள். சிவகரன் அந்தப் பக்கம் ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தான்.

“சின்னவன் பண்ணைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகச்சொல்லிக் கன நாளா அரியண்டம். சரி அண்ணை, மாமி வீட்டை போய் ரெண்டு பேரையும் ஏத்திக்கொண்டு போறன்.”

அவன் போவதைப் பார்த்துக்கொண்டு நின்ற கிறகோரிக்குக் கண் கலங்கியது. வியாபாரம் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும், ஒரு குடும்பம் பிழைத்ததே என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

முதல் பாட்டு முடிகிற நேரம் கதவு திறந்தது. பிரதீபா வந்தாள். அவளுக்குப் பின்னால் நாலு பெண்கள், எல்லோரும் சுடிதாரில், ஒருவரையொருவர் இடித்துச் சிரித்துக்கொண்டு.

கிறகோரி ஓடிப்போனார். “பயப்பிடாதேங்கோ தங்கச்சி, நான் ஆளை அனுப்பிப்போட்டன்!”

“தெரியும் அண்ணை, அதுதானே வந்தனாங்கள்” என்றபடி, மேடைக்குக் கிட்ட இருந்த மேசையில் அமர்ந்தாள் பிரதீபா. “அஞ்சு கிளாஸ் பியர், நல்லா நுரை வர ஊத்தச் சொல்லுங்கோ. மனுசன் பக்கத்து மேசையிலை இருந்தா, நாங்கள் எப்பிடி அண்ணை நிம்மதியாக் குடிக்கிறது?”